ஊசிக்கு முன் ஒரு மூச்சு

தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்கிறது 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு. தனியார் மருத்துவமனைகளில் 63.8. வன்னியம்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்கு ஆபரேஷன் என்பது இனி அபூர்வமல்ல. ஆனாலும் வலியைத் தாங்கிப் பெற்றால்தான் தாய் என்ற எண்ணம் வீடுகளை விட்டுப் போகவில்லை. மயக்க ஊசிக்கு முன் அவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கலாம் என்றால், அந்த எண்ணம் வேறு வேடத்தில் வருகிறது: பிராணாயாமம் விழிப்பைக் கூட்டுவது, ஊசி உணர்வைப் போக்குவது, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று. கேள்வி நியாயமானதுதான். ஆனால் வலியையும் விழிப்பையும் அது ஒன்றாக்கிவிடுகிறது.

சிசேரியனுக்குப் பெரும்பாலும் முதுகில்தான் ஊசி போடுகிறார்கள். தாய் தூங்குவதில்லை, குழந்தையின் முதல் அழுகையைக் காதால் கேட்கிறாள். நிறைவயிற்றோடு மேசை விளிம்பில் உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முகவாயை நெஞ்சில் பதித்து, முதுகை வளைத்து அசையாமல் இருக்க வேண்டிய அந்தச் சில நிமிடங்களில் மெதுவான மூச்சு கைகொடுக்கும். அதைவிட முக்கியமானது பிறகு வருவது. மரப்பு மார்புவரை ஏறும்போது, நெஞ்சு ஏறி இறங்குவதே சிலருக்குத் தெரிவதில்லை. உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்திலிருந்து வருவதால் அது வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஆனால் மூச்சு நின்றுவிட்டது என்று அவள் பயந்துபோகிறாள். இப்படித் தோன்றலாம் என்று முன்பே அறிந்து, மூக்கில் காற்று வந்து போவதைக் கவனிக்கப் பழகியவளுக்கு அந்தப் பயம் குறையும். விழிப்பு என்பது இதுதானே? இதற்கு வலி எதற்கு?

மதத்தின் பேரால் வலிக்கு வக்காலத்து வாங்கியது நாம் மட்டுமல்ல. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தபோது, ஏவாளுக்கு விதித்த வேதனையை நீக்கலாமா என்ற ஆட்சேபம் எழுந்தது. ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் ஆண்டவரே அவனை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தினாரே என்று வேதத்தைக் கொண்டே அவர் பதில் சொன்னார். நம் பக்கத்தில் திருமூலர் இருக்கிறார். பிராணாயாமத்தைச் சொல்லும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலேயே, உடம்பைப் பேணுவது உயிரைப் பேணுவது என்றும் சொல்கிறார். உடம்பை வருத்துவதை மேன்மையாகக் கொள்ள அங்கே இடமில்லை.

அதற்காக அவர் சொன்ன கணக்கை அப்படியே பிரசவ வார்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. பதினாறு மாத்திரை நேரம் மூச்சை இழுத்து, அறுபத்துநான்கு அடக்கி, முப்பத்திரண்டில் விடுவது யோகிக்கு. கர்ப்பிணியின் நுரையீரலில் இருப்புக் காற்று குறைவு, ஆக்ஸிஜன் தேவையோ அதிகம். அடக்கினால் சீக்கிரமே திணறும். அவளுக்கு இதமாக இழுத்து, நிதானமாக வெளியே விடுவது போதும். ஓங்காரமும் கட்டாயமில்லை; கிறிஸ்தவப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் அதே காற்றைத்தான் இழுக்கிறார்கள்.

இதெல்லாம் வெறும் நம்பிக்கை என்பார்கள் பகுத்தறிவாளர்கள். நானும் அதிகம் கோரவில்லை: மூச்சுப் பயிற்சி பதற்றத்தைத் தணிக்க உதவும், அவ்வளவுதான். ஊசிக்குப் பிறகு இறங்கும் இரத்த அழுத்தத்துக்கு மருந்துதான் வேண்டும். எனக்கு உறுத்துவது வேறொன்று. ஏதாவது தவறினால், ‘மூச்சைச் சரியாக விடவில்லை’ என்று பழியும் அவள் தலையிலேயே விழலாம். ‘மூச்சை எண்ணிக்கொண்டு சும்மா இரு’ என்று வாயை அடைக்கவும் இது பயன்படலாம். அது ஆபத்து. மரப்பு அரிதாக அளவுக்கு மீறி ஏறினால் உண்மையிலேயே மூச்சு முட்டும். பேச்சு மெலியும், கைப்பிடி தளரும். அவள் சொல்வதை மயக்க மருந்து டாக்டர் காதில் வாங்கியே ஆக வேண்டும்.

ஆகவே தியேட்டர் வாசலில் அவசரமாகச் சொல்லாதீர்கள். ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போதே, உடன் வரும் அம்மாவையும் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.