வட்டைக்குப் போகும் கெப்பை எவ்வளவு உயர்த்தலாம்?

கல்முனைக்கும் காரைதீவுக்கும் நடுவே கடலைப் பார்த்து நெருங்கிக் கிடக்கும் ஊர் சாய்ந்தமருது. இங்கே ஒரு டபுள் கெப்புக்கு மூன்று விதமான தரை. ஊரின் நடுவால் போவது பொத்துவில், அக்கரைப்பற்று, மட்டக்களப்பு என்று நீளும் ஏ4 வீதி. முச்சக்கர வண்டியும் சைக்கிளும் பள்ளிப் பிள்ளைகளும் நிறைந்தது. மேற்கே கரைவாகு வட்டை என்னும் வயல்வெளிக்குள் இறங்கினால் வாய்க்கால் ஓரமாக ஓடும் மண் பாதை. கிழக்கே சில நிமிடத்தில் கடற்கரை மணல். கெப்பை உயர்த்த ஆசைப்படுபவர் இந்த மூன்றில் எதற்காக உயர்த்துகிறோம் என்று முதலில் தனக்குள் தீர்மானிக்க வேண்டும். ஒன்றுக்கு உதவுவது மற்றதற்கு உதவாது. சில வேளை கெடுதலும் செய்யும்.

மணலை முதலில் ஒதுக்கிவிடலாம். மணலில் புதையும் வாகனத்துக்கு உயரம் மருந்தல்ல, காற்றைக் குறைப்பதுதான் மருந்து. டயரில் காற்றைப் பாதியளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மணலின் மேல் மிதக்கும். வீதிக்கு ஏறியதும் மறுபடி அடித்துக்கொள்ள ஒரு சிறிய கொம்பிரசர் போதும். இதற்காக ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றத் தேவையில்லை.

வட்டைப் பாதைதான் உண்மையான கேள்வி. பெரும்போக அறுவடை நேரம் உழவு இயந்திரங்கள் ஓடி ஓடிப் பாதையில் இரண்டு ஆழமான தடங்கள் விழுந்திருக்கும், நடுவில் மண் மேடு நிற்கும். கெப் போனால் அந்த மேட்டில் தட்டுவது எது என்று குனிந்து பார்க்க வேண்டும். முன் பம்பர் தட்டுகிறதா, நடுவில் படியும் சேஸியும் உரசுகிறதா, அல்லது பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷல் கூடு இழுபடுகிறதா? முதல் இரண்டுக்கும் ஸ்பிரிங்கை உயர்த்துவது பலன் தரும். மூன்றாவதற்குத் தராது. பின் அச்சு டயரோடு சேர்ந்து நிலத்தில் நிற்பது; ஸ்பிரிங் அதற்கு மேலே இருப்பது. உடலை 4 அங்குலம் தூக்கினாலும் பின் டிஃபரன்ஷல் ஒரு நூல்கூட உயராது. அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டும்தான், அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதியளவே. 265/65 ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர், 265/70 ஆர்17 ஏறத்தாழ 803. வித்தியாசம் 27, டிஃபரன்ஷலுக்குக் கிடைப்பது 13 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும், அரை அங்குலம். அந்த அரை அங்குலத்துக்காக மீற்றர் 60 காட்டும்போது வாகனம் 62 இல் ஓடும், இழுவையும் சற்றுக் குறையும். இதைத் தெரிந்து கொண்டு டயர் மாற்றுபவரிடம் எனக்குக் குறை இல்லை. தெரியாமல் 4 அங்குலம் உயர்த்திவிட்டு டிஃபரன்ஷல் இன்னும் இடிக்கிறதே என்று கவலைப்படுபவருக்காகத்தான் எழுதுகிறேன்.

அடுத்தது, உங்கள் கெப்பின் முன்பக்கம் எந்த வகை என்பது. பழைய ஹைலக்ஸ் எல்.என்.106 போன்றவற்றில் முன்னாலும் முழு அச்சு, நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். இவற்றை உயர்த்துவது எளிது. சரியான வளைவுள்ள புதுப் பட்டைகளும் அதற்கேற்ற நீளமான ஷொக் அப்சோபர்களும் போட்டால் வேலை பெரும்பாலும் முடிந்தது. 1996க்குப் பிறகு வந்த மிற்சுபிஷி எல்200 ஸ்ட்ராடா, நிஸான் டி22 போன்றவற்றின் நாலு சக்கர இழுவை வகைகளில் முன்னால் டோர்ஷன் பார், அதாவது நீளவாக்கில் கிடந்து முறுகும் இரும்புக் கம்பி. 2004இல் அறிமுகமான ஹைலக்ஸ் விகோவும் அதன் பின்னர் வந்த பெரும்பாலான கெப்களும் முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை.

டோர்ஷன் பார் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் போல்ட்டை முறுக்கினால் பத்து நிமிடத்தில் முன்பக்கம் எழும்பிவிடும், காசும் செலவில்லை. ஆனால் அப்போது சக்கரம் கீழே இறங்க மிஞ்சியிருக்கும் இடம் குறைந்து போகிறது. சிறு பள்ளத்தில் விழுந்தாலும் சக்கரத்தைத் தாங்கும் மேல் கை அதன் கீழ்த் தடுப்பில் போய் இடிக்கும், ஓட்டுபவரின் கைகளில் அதிர்வு ஏறும். முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் சிவி ஜொயின்ட் சரிவான கோணத்தில் ஓடி, அதன் ரப்பர் உறை கிழிந்து, சேறு உள்ளே போய் அரைக்கும். சுருள் ஸ்பிரிங்குக்கு மேல் தட்டையான வளையத்தை வைத்து உயர்த்தும் வேலையிலும் இதே குறைதான். முன் சக்கரங்கள் தனித்தனியே அசையும் இவ்வகைக் கெப்பில் 2 அங்குலத்தை எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் மேல் கைகளை மாற்ற வேண்டும், முன் டிஃபரன்ஷலைக் கீழே இறக்கும் தாங்கிகளும் தேவைப்படலாம். அது வேறு ஒரு வாகனத்தைக் கட்டுவதற்குச் சமம்.

பின்பக்கத்தில் தேர்வைத் தீர்மானிப்பது உயரமல்ல, சுமை. இதைத்தான் கராஜில் யாரும் முதலில் கேட்பதில்லை. நெல் மூடை ஒன்றை 65 கிலோ என்று வைத்தால் 12 மூடைக்கு 780 கிலோ. பெரும்பாலான கெப்களுக்கு அது முழுச் சுமையை நெருங்கியது. ஆனால் அதை ஏற்றுவது போகத்துக்குச் சில நாள்தான். மிச்ச நாளெல்லாம் வெறும் கெப், இரண்டு மூன்று பேர், கொஞ்சம் பசளை. மீன் ஐஸ் பெட்டி சுமப்பவருக்கோ நாள்தோறும் கிட்டத்தட்ட ஒரே பாரம். இந்த இருவருக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தாது. அவுஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு போன்ற தயாரிப்புகள் ஒரே வாகனத்துக்கு எடை வாரியாக வெவ்வேறு ஸ்பிரிங்குகளை விற்பது இதனால்தான். நிரந்தரப் பாரத்துக்கான பட்டையை வெறும் கெப்பில் போட்டால் பின்பக்கம் துள்ளும். மழை நாளில் வளைவில் பின் சக்கரம் பிடி விட்டு விலகும். எப்போதாவது மட்டும் சுமப்பவருக்கு ஒரு மேலதிகப் பட்டையைச் சேர்ப்பதோ, பாரம் ஏறும்போது மட்டும் வேலை செய்யும் உதவிப் பட்டையோ போதும்.

பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவதும் உண்டு. பின்னால் ஒரே ஒரு கட்டை, சரியான நீள யூ போல்ட்டோடு, ஏற்கத்தக்கது. கட்டை மேல் கட்டை வைக்கவே கூடாது. முன் அச்சில் எந்தக் கட்டையும் வேண்டாம், பிரேக் பிடிக்கும் விசை அதைத் தள்ளப் பார்க்கும். பட்டையைச் சேஸியோடு இணைக்கும் ஷக்கிளை நீளமாக்குவதும் மலிவான வழிதான். 4 அங்குலம் நீட்டினால் 2 அங்குலம் உயரும். ஆனால் அச்சு சற்றுத் திரும்பிவிடும். முன்னால் போட்டால் ஸ்டியரிங் அலைபாயும்.

எல்லாவற்றிலும் அதிகமாக நான் கவலைப்படுவது பிரேக்கைப் பற்றி. பல கெப்களில் பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பியோடு சேர்ந்த வால்வு இருக்கும். சுமை ஏறி உடல் தாழ்ந்தால், பாரம் கூடிவிட்டது என்று அறிந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். நீங்கள் கெப்பை உயர்த்திவிட்டால் அது எப்போதும் வெறும் கெப் என்றே எண்ணிக்கொள்ளும். 12 மூடையோடு சம்மாந்துறையிலிருந்து வரும்போது பின் பிரேக் அரைமனதோடு பிடிக்கும். அந்த வால்வின் தாங்கியையும் உயர்த்தின அளவுக்கு மாற்றிச் சரிசெய்ய வேண்டும். செலவு மிகக் குறைவு, பலர் செய்வதில்லை.

வெள்ளத்துக்காக உயர்த்துகிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. 2024 நவம்பர் 26 ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு, பிள்ளைகள் மவுத்தானதை இந்தக் கரையோரம் மறக்காது. எந்தக் கெப்பை விடவும் உயர்ந்து நிற்கும் இயந்திரம் அது. ஓடும் தண்ணீருக்கு உயரம் பதிலாகாது, பக்கவாட்டில் தள்ளும் விசைதான் ஆளை எடுக்கும். நிற்கும் தண்ணீரில் போக வேண்டியவர் கவனிக்க வேண்டியது அச்சின் மூச்சுக் குழாயை. உடலை உயர்த்தினாலும் அச்சு இருந்த இடத்திலேயே இருப்பதால், அந்தக் குழாயை என்ஜின் அறை வரை நீட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூடான டிஃபரன்ஷல் குளிரும்போது தண்ணீரை உள்ளே உறிஞ்சும், எண்ணெய் பால் நிறமாகும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கெப்பின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். கடற்காற்றில் துருப்பிடித்த சேஸியில் விறைப்பான ஸ்பிரிங் போட்டு, தாங்கி கிழிந்து போனால் இன்னொன்று வாங்குவது எளிதல்ல. அதனால் பணம் கொடுப்பதற்கு முன் ஸ்பிரிங் தாங்கிகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மந்தமான ஓசை வந்தால் முதலில் ஒட்டு வேலை, பிறகுதான் உயர்த்தல். கழற்றிய யூ போல்ட்டை மறுபடி போட விடாதீர்கள்; இழுபட்டுத் துரு ஏறியது அது, புதிதுதான் வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்கும் கேள்விக்குப் பலனில்லை.

என் கணிப்பில், வட்டைக்கும் வீட்டுக்குமாக ஓடும் கெப்புக்கு ஒன்றரை முதல் 2 அங்குலம், சுமைக்கேற்ற பட்டை, அதற்குப் பொருந்தும் ஷொக் போதும். வேலை முடிந்த அன்றே சக்கரச் சீரமைப்பும், எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரனின் கண்ணைக் கூசவைக்காதபடி முன் விளக்கைத் தாழ்த்துவதும் நடக்க வேண்டும். முதல் 500 கிலோமீற்றருக்குள் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள்; புதுப் பட்டைகள் படியும்போது அந்தப் போல்ட்டுகள் தளரக்கூடும்.