நீல நிறமும் நமது விரதமும்

முன்னர் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, தன் நிலத்தில் தொட்டிகள் கட்டிச் சுருள்பாசி வளர்த்து, அதன் நீல நிறத்தை இனிப்புச் செய்வோர்க்கு விற்க எண்ணியிருக்கிறாள். "டீச்சர், இத்தொழில் நம்மவர்க்கு ஆகுமா?" என்று கேட்டு எழுதியிருந்தாள். பாசிதானே, ஆகும் என்று எழுத என் கை முந்தியது, ஆயினும் நிறுத்திக்கொண்டேன்.

நிறத்துக்காக உயிர் மடிவது புதிதன்று. கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்திச் செந்நிறம் எடுக்கின்றனர். அரைக் கிலோ தேற ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். அறிந்தே அவற்றைக் கொல்வது அணுவிரதத்திற்கு முரண். இதில் ஆராய ஒன்றுமில்லை.

பாசியின் நிலை வேறு. காரத்தன்மை மிக்க நீரில், வெயில் படும் ஆழமற்ற தொட்டியில் அது செழிக்கும். துணியில் வடித்து, உறையவைத்து உருக்கினால் உயிரணுச் சுவர் உடைந்து, பைக்கோசயனின் எனும் நீலம் நீரில் இறங்கும். 2013-இல் அமெரிக்க அரசு இதனை மிட்டாயிலும் சூயிங்கத்திலும் சேர்க்க இசைவளித்தது. தாவர உணவென்று பச்சைப் புள்ளியும் இடுவர். உலகோர் கணக்கில் வழக்கு முடிந்தது.

நம் கணக்கு அதுவன்று. உருளைக்கிழங்கை நாம் விலக்குவது ஏன்? ஓருடலில் அனந்த ஜீவன்கள் உறைவதால். பாசியையும் நம் முன்னோர் அவ்வனந்தகாய வகையிலேயே வைத்தனர். அறிவியலார் சுருள்பாசியைப் பாக்டீரியா இனத்தில் சேர்ப்பர். பெயர் மாறினும் உயிர் உயிரே. கிழங்கை விலக்கிய கை பாசி மாத்திரையை ஐயமின்றி எடுப்பதைப் பல இல்லங்களில் கண்டிருக்கிறேன். என் இல்லமும் அதில் அடக்கம்.

இல்லறத்தார் ஓரறிவுயிரை முற்றும் காத்தல் இயலாது. உழவிலும் தொழிலிலும் நேரும் இம்சையைப் பெரியோர் தனியே பிரித்தது அதனாலேயே. ஆயினும் பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்கும் அநர்த்த தண்ட விரதமும் நமக்குண்டே! மெலிந்த குழந்தைக்குப் புரதமாகத் தரும் பாசி ஒன்று (அதிலும் எனக்குத் தயக்கமுண்டு). மிட்டாய் நீலமாகத் தோன்றுவதற்கென மடியும் பாசி மற்றொன்று. நீலமின்றியும் மிட்டாய் இனிக்கும்.

செயற்கைச் சாயத்தில் எவ்வுயிரும் மடியவில்லையே என்பர் சிலர். சாயக்கழிவு கலந்த ஆற்றைக் கண்டவர் அவ்வாறு சொல்லார்.

உணவுக்கெனில் நீயே சிந்தித்து முடிவு செய், நிறத்துக்கெனில் என்னால் ஆம் என இயலவில்லை என்று எழுதினேன். அவளுக்கோ கடனும் மகளின் படிப்பும் இருக்கின்றன. இருமுறை எழுதிக் கிழித்து, மூன்றாவது கடிதத்தையே அஞ்சலில் சேர்த்தேன். மறுமொழி இன்னும் வரவில்லை.