குளமும் வாய்க்காலும்

இரணைமடு நிறைந்து வழியினும், வாய்க்கால் இல்லாத வயல் வறண்டே கிடக்கும். வன்னியில் இதனை அறியாதார் இலர். கணினிமொழிக்கும் இது பொருந்தும் என்பதையே நாம் மறந்துவிடுகிறோம்.

தமிழ்ச் சொற்களால் செய்நிரல் எழுதத்தக்க ‘எழில்’ என்னும் மொழியை முத்து அண்ணாமலை ஆக்கினார். 2009 இல் அதுபற்றி ஆய்வுரையும் வெளியிட்டார். ‘பதிப்பி’ என்று எழுதினால் கணினி விடையைத் திரையில் காட்டும். போற்றுதற்குரிய பணி. ஆயினும், மொழி பிறந்த அன்றே அது மாணவர் கைக்கு எட்டிவிடுவதில்லை. தமிழைத் தட்டெழுத விசைப்பலகை வேண்டும். சொல்லின் வகையை நிறத்தாற் பிரித்துக் காட்டும் தொகுப்பி வேண்டும். பிழை நேர்ந்த வரியைச் சுட்டிக் காரணம் உரைக்கும் துணை வேண்டும். இதனை உணர்ந்தே ‘எழுதி’ என்னும் தொகுப்பியும் எழிலுக்கெனப் பின்னர் உருவாக்கப்பட்டது.

கிளிநொச்சியில் நம் வகுப்பிலே ஒரு மாணவி, அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தாள். திரையில் ஆங்கிலத்தில் எழுந்த பிழைச்செய்தி அவளுக்கு விளங்கவில்லை. “எனக்கு மூளை இல்லை, சேர்” என்றாள். குற்றம் அவளுடையதா?

ஆங்கிலம் கற்பதே வழி என்பர் சிலர். கற்கட்டும், நாமும் கற்பிப்போம். ஆனால், சிந்திக்கும் உரிமைக்கு ஆங்கிலத்தை நுழைவுச்சீட்டாக்குதல் நீதியாகுமோ?

வளரும் மொழி மாறுந்தோறும் அதன் கருவிகளும் மாறவேண்டும். அவ்வுழைப்புக்குப் புகழில்லை, கைகளோ சில. 2016 இல் வெளிவந்த மொழிச் சேவையக நெறிமுறை அச்சுமையைக் குறைத்துள்ளது: மொழியின் இலக்கணத்தை அறிந்த சேவையகத்தை ஒருமுறை எழுதினால், அந்நெறிமுறையை ஏற்கும் தொகுப்பிகள் பலவும் அதனைப் பயன்கொள்ளலாம்.

குளங் கட்டியவர் பெயரை வரலாறு காக்கும். வாய்க்கால் வெட்டியவரை எவரும் அறியார். நெல் விளைவதோ இருவராலும். கணினி கற்கும் நம் மாணவர்கள் வாய்க்கால் வெட்டவும் முன்வரல் வேண்டும்.