கல்விக்கொடையும் அபயதானமும்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். பசித்தவர்க்கு உணவும், பிணியுற்றவர்க்கு மருந்தும், கற்க விழைவார்க்கு நூலும், அஞ்சுவார்க்கு அடைக்கலமும் அளித்தல் இல்லறத்தார் கடன் என்பது இளமை முதலே நாம் கேட்டு வளர்ந்த பாடம். ஆயினும் இவற்றை நான்கு தனித்தனிச் செயல்களாகவே எண்ணிப் பழகிவிட்டோம். வறுமையாலோ, நோயாலோ, உடற்குறையாலோ கல்வி தடைப்பட்டு நிற்கும் ஒரு பிள்ளைக்கு நான்கும் ஒருங்கே வேண்டியிருக்கின்றன. அவற்றுள் அபயம் இல்லையெனில் ஏனைய மூன்றும் பயன்படா. இவ்வுண்மையை நூலில் கற்றோமல்லோம். யாமே செய்த ஒரு பிழையால் கற்றோம்.

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. பருத்தியும் உளுந்தும் பாசிப்பயறும் கம்பும் சோளமும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விளைவன. மழை பொய்த்த ஆண்டுகளில் தீப்பெட்டித் தொழிலே பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது. 1970களில் ஆசிரியப் பயிற்சி முடித்து, இப்பகுதியிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினோம்.

1980களின் தொடக்கத்தில் எம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியவள். தந்தை மானாவாரி நிலத்துச் சம்சாரி; தாயார் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டுபவர். அன்பர் ஒருவர் வறிய மாணவர்க்கு உதவப் பொருள் கொடுத்தார். யாம் மிக மகிழ்ந்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர்களைப் படித்து, ஒவ்வொருவராக முன்னே வரச் செய்து வழங்கினோம். அவளும் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து பெற்றுக்கொண்டாள். பள்ளி முழுதும் பார்த்திருந்தது. மறுநாள் அவள் வரவில்லை, மறுவாரமும் வரவில்லை. வீடு தேடிச் சென்றோம். உறை பிரிக்கப்படாமல் இருந்த பணத்தைத் தாயார் எம் கையில் வைத்தார். “டீச்சரம்மா, எங்ககிட்ட காசு இல்லேங்கிறது ஊருக்குத் தெரியும். பிள்ளை கால் இப்படிங்கிறதும் தெரியும். ரெண்டையும் சேத்து எல்லாருக்கும் முன்னால நிறுத்திட்டீங்களே” என்றார். அந்தப் பிள்ளை மீண்டும் பள்ளிக்கு வரவேயில்லை. யாம் கொடுத்தது பொருள், பறித்தது அபயம்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே சில கல் தொலைவில் உள்ளது எட்டயபுரம். அவ்வூரில் பிறந்த சுப்பிரமணிய பாரதி, 1897ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தமது கல்விக்குப் பொருளுதவி வேண்டி எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுள் வடிவில் ஒரு விண்ணப்பம் எழுதினார். அப்போது அவருக்கு வயது பதினான்கு. தந்தையாரின் பருத்தி ஆலை முயற்சி நொடித்துப்போனது. 1898இல் தந்தையாரும் மறைந்தார். மகாகவியின் எழுத்துகளுள் இன்று நமக்குக் கிடைப்பனவற்றில் மிகப் பழையது கல்வி உதவி கேட்கும் மனுவே என்பது கரிசல் மண்ணில் பிறந்தோர் எண்ணிப் பார்க்கத்தக்கது. பாட்டெழுத வல்ல பிள்ளைக்கு மனு எழுதும் ஆற்றலாவது இருந்தது. நாவெழாத பிள்ளையின் நிலை என்ன? எந்தப் படிவம், எந்த அலுவலகம், எந்தத் தேதி என்று அறியாத தாய்தந்தையர் என் செய்வர்?

அதே எட்டயபுரத்தில்தான் 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் சிறப்பு உணவில் மட்டும் இல்லை, பந்தியிலும் உண்டு. பசித்த பிள்ளை தன் பசியை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. உடன் பயில்வோரோடு ஒரே வரிசையில் அமர்ந்தால் போதும். ஒரே ஊரில், விண்ணப்பித்துப் பெறும் உதவியையும் விண்ணப்பமின்றிக் கிடைக்கும் உதவியையும் அடுத்தடுத்த தலைமுறைகள் கண்டன.

இன்றும் இவ்விரு வழிகளும் நம் முன் உள்ளன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகத்தில் தொடங்கியது. இவற்றில் பயின்ற பள்ளியே தகுதியாக வைக்கப்பட்டது. இது பந்தி வழி.

மற்றது சான்றிதழ் வழி. 2008இல் தொடங்கிய தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டத்தில், எட்டாம் வகுப்பில் தேர்வெழுதி வெல்வோர் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறுவர். தொழில்நுட்பப் பட்டமோ பட்டயமோ பயிலும் மாற்றுத்திறனாளி மாணவர்க்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் சக்ஷம் திட்டம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் அளிக்கின்றது. இவற்றுக்கு வருமானச் சான்று வேண்டும். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு வேண்டும். மாற்றுத்திறனாளியாயின் குறைந்தது 40 விழுக்காட்டுக் குறைபாட்டை மருத்துவர் சான்றளித்திருக்க வேண்டும்.

“சான்று கேளாமல் கொடுத்தால் பொய்யர் பெற்றுச் செல்வரே, உண்மையில் வறியவர் இழப்பாரே” என அன்பர் சிலர் வினவுவர். நேர்மையான வினாவே. பொருள் அளவுடையது, தேவையோ அளவற்றது, ஆராய்ந்து கொடுத்தல் வேண்டும் என்பதை மறுக்க இயலாது. ஆயின் ஆராய்ச்சியின் சுமையை எவர் தோளில் ஏற்றுவது என்பதே எம் வினா. கால் நடவாத பிள்ளையும், நாட்கூலியை இழந்து வரும் தாயும் அலுவலகம் அலுவலகமாக அலைவது ஆராய்ச்சியன்று, அது தண்டனை. கொடுப்போர் தாமே சென்று விசாரித்தலும், சான்றுகளைத் தாமே பெற்றுத் தருதலும் ஆராய்ச்சியே. கண்டறிந்ததைத் தம்முள் வைத்துக் காத்தல் அபயம்.

நோயுற்ற பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21ஆகப் பெருக்கி, தலசீமியா, குருதி உறையாமை போன்ற குருதி நோய்களையும் சேர்த்தது. பெருங்குறைபாடுடைய பிள்ளைகட்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. இது பெரும் முன்னேற்றமே. எனினும் புற்றுநோய்க்கு மருத்துவம் பெறும் சிறுவனும், சிறுநீரகம் பழுதுற்ற சிறுமியும் அப்பட்டியலில் இல்லை. முற்கூறிய தேசியத் திட்டத்தில் உதவி தொடர வேண்டுமாயின், ஒன்பதாம் வகுப்பில் முதல் முயற்சியிலேயே தேறவும், பத்தாம் வகுப்பில் பொதுவாக 60 விழுக்காடு மதிப்பெண் பெறவும் வேண்டும். ஆறு திங்கள் மருத்துவமனையில் கிடந்த பிள்ளை தோற்றால் உதவியும் நின்றுபோகும். உதவி மிகுதியும் வேண்டிய ஆண்டில் உதவி விலகுகின்றது. திறமைக்குக் கொடுப்பது பரிசு. இடையூற்றுக்குக் கொடுப்பதே தானம். நாம் முதல் மதிப்பெண் பெற்றார்க்குப் பொன்னாடை போர்த்தி, தோற்ற நோயாளியை மறந்து விடுகின்றோம்.

அரசு உதவி நிலையானதும் அன்று. 2014 சனவரி 27இல் நம் சமுதாயம் தேசிய அளவில் சிறுபான்மையாக அறிவிக்கப்பெற்றது, உதவித்தொகைகளும் கிடைத்தன. 2022இல் ஒன்று முதல் எட்டு வகுப்புகட்கான சிறுபான்மையினர் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. ஆதலின் இல்லறத்தார் கொடையே இடைவெளியை நிரப்ப வேண்டும். அது நம் பிள்ளைகளோடு நின்றுவிடாமல் எல்லா உயிர்க்கும் உரியதாதல் வேண்டும்.

கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலையின் பாறையில், எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த திருவுருவங்களின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குரத்தியர் எனப் போற்றப்பெற்ற பெண் ஆசிரியர் பெயர்களும் அவற்றுள் உண்டு. மாணாக்கர் பலர் அங்கே தம் ஆசிரியர் பெயரோடு சேர்த்தே குறிக்கப்பெறுகின்றனர். ஆசிரியருக்கு உரியவர் என்பதே அவர்க்கு அடையாளம். இன்று நாம் உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றி, காசோலையைக் கையில் கொடுத்து, நிழற்படம் எடுத்து இதழ்களில் வெளியிடுகின்றோம். அப்பிள்ளைக்கு நாம் இடும் பெயர் ‘ஏழை மாணவன்’ என்பதே. இவ்வழக்கத்தை விடுதல் நன்று.

ஊர்தோறும் சான்றிதழ், விண்ணப்பக் காலம் ஆகியவற்றை அறிந்த இருவர் முன்வரட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியரினும் இதற்கு ஏற்றவர் யார்? அறநிதியில் ஒரு பங்கு, நோயால் ஓராண்டை இழந்த பிள்ளைக்கென மதிப்பெண் நோக்காமல் ஒதுக்கப்படட்டும். கட்டணத்தோடு, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செல்லும் வழிச்செலவும் உடன் செல்வாரின் கூலி இழப்பும் கணக்கில் சேரட்டும். கொடுப்பது வீட்டு வாசலில், பிறர் அறியாமல் நிகழட்டும்.

அன்று அத்தாயாரிடம் யாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் குடிக்க நீர் கொடுத்து அனுப்பினார். எம் பிழையை ஒருவரேனும் செய்யாதிருக்க இவ்வெழுத்து உதவுமாயின் அமைவோம்.

நல்லறம் ஓங்குக!