நிழல் எவர்க்கு? வெயில் எவர்க்கு?

வலியது வாழும், எளியது மாயும்; இயற்கை இட்ட கட்டளை இது என்று கூறி, பறித்துண்பதற்கு நியாயம் தேடுவோர் உலகெங்கும் உண்டு. 'தகுதியுள்ளதே தங்கும்' என்ற கருத்துச் சொற்றொடரை 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஆக்கித் தந்தார். ஆதிக்கக்காரர்களின் கைக்கு அது வாளாயிற்று. இயற்கை உண்மையில் என்ன உரைக்கிறது? எறும்பினத்தைக் காண்போம்.

ஒரே நிலத்தில், ஒரே இரையை நாடி, பல இன எறும்புகள் வாழ்கின்றன. வலிய இனம் மற்றவற்றை ஏன் அடியோடு ஒழித்துவிடவில்லை? அமெரிக்காவின் மேரிலாந்துக் காட்டில் நடைபெற்று, 1987இல் வெளிவந்த ஆய்வு ஒரு விடை தருகிறது. எளிய இனங்கள் இரையை விரைந்து கண்டுபிடிக்கின்றன. வலிய இனங்கள் பின்னர் வந்து, அவற்றை விரட்டிக் கைப்பற்றுகின்றன. முந்தியதற்குக் கிடைத்த மட்டும் ஆதாயம்! ஸ்பெயின் நாட்டுப் புல்வெளிகளிலோ, வெயில் ஏறியதும் வலிய இனங்கள் புற்றுக்குள் ஒதுங்குகின்றன. அந்த வேளையில்தான் காட்டாக்லிஃபிஸ் என்னும் எறும்பு, உடல் தாங்கும் வெப்பத்தின் எல்லைவரை சென்று இரை தேடுகிறது.

வலியது மட்டுமே வாழும் என்ற வாதம் வீழ்ந்தது. உடனே வேறொருவர் வருவார். "பார்த்தீர்களா! அவரவர்க்கு ஓர் இடம், அவரவர்க்கு ஒரு வேளை. மனிதரும் இப்படி அடங்கி வாழ்ந்தால் அமைதி நிலவுமே!" என்பார்.

அமைதிதான். அதற்கு விலை கொடுத்தது யார்? கொதிக்கும் மண்ணிலே ஓடியது எது? குளிர்ந்த புற்றிலே கிடந்தது எது? அஞ்சி ஒதுங்குவது ஒப்பந்தமாகுமா?

அந்த அமைதிக்கும் உறுதி கிடையாது. 1891இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் காணப்பட்ட அர்ஜென்டினா எறும்பு, பின்னர் கலிபோர்னியாவிலும் பரவிற்று. இரையைக் காண்பதில் முந்திற்று, காப்பதிலும் வென்றது. அது புகுந்த இடங்களில் உள்ளூர் இனங்கள் பல அற்றுப்போயின. முறையிட அவற்றுக்கு மன்றம் ஏது?

எறும்பின்மீது நமக்குக் குறையில்லை. 'இது முறையா?' என்று கேட்க அதற்கு இயலாது, நமக்கு இயலும். இயற்கையில் இருக்கிறது என்பதாலேயே எதுவும் அறமாகிவிடாது. நோயும் இயற்கைதான், மருந்து கண்டோம் அல்லவா?

ஆகவே, 'ஒன்றாகத்தானே வாழ்கிறோம்' என்று எவரேனும் பெருமை பேசினால் நாம் கேட்போம்: வெயிலிலே நிற்பவன் விரும்பி நின்றானா, விரட்டப்பட்டு நின்றானா? அதற்கு விடை வரும்வரை, அமைதிக்கு நீதி என்று பெயர் சூட்ட மாட்டோம்.