ஒளுச் செய்த கை

ஒளுச் செய்து வந்து மக்தபில் பாயில் உட்கார்ந்த பிள்ளை, ஓதும்போதே நெளிகிறான். உஸ்தாத் அதட்டுகிறார். "கீரிப்பூச்சி கடிக்குது, மிட்டாய் தின்னதுதான் காரணம்" என்று வீட்டில் உம்மா தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்.

மிட்டாயிலிருந்து பூச்சி பிறப்பதில்லை. கீரிப்பூச்சி இரவில் ஆசனவாயருகே முட்டையிடுகிறது. பிள்ளை சொறியும்போது முட்டை நகக்கண்ணில் தங்கி, அந்த விரலோடு வாய்க்குப் போகிறது. நாக்குப்பூச்சியின் வழி வேறு. அதன் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, இரண்டு மூன்று வாரத்தில் பக்குவப்பட்டு, ஆண்டுக்கணக்கில்கூடக் கிடக்கும். கக்கூஸ் இல்லாத சந்தில் ஒரு குழந்தை குந்திய இடத்தில்தான் வேறொரு குழந்தை கோலி விளையாடுகிறது.

நஜீஸின் நிறம், மணம், சுவை நீங்கினால் சுத்தம் என்று ஃபிக்ஹு நூல்களில் படித்தோம். கண்ணுக்குத் தெரியாத முட்டைக்கு நிறமேது, மணமேது? அப்படியானால் தொழுகைக்குத் தகுதியான கை, பிறருக்குச் சோறு பரிமாறத் தகுதியற்றதாக இருக்கக்கூடுமா? கூடும் என்றே கருதுகிறோம். தொழுகை கூடுமா என்பது ஒரு சட்டம். பிறருக்குத் தீங்கிழைக்காதே என்பது மற்றொன்று. முன்னதை நிறைவேற்றியவர் பின்னதிலிருந்து விடுபடுவதில்லை. பாதையிலும் நிழலிலும் நீர்த்துறையிலும் மலங்கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தது, அவ்வழி வருகிறவர்களை எண்ணியல்லவா? நகத்தை நாற்பது நாளுக்குமேல் விடலாகாது என்றும் ஹதீஸ் உண்டு. (பிள்ளைகளுக்கு அது அதிகம், வெள்ளிதோறும் வெட்டிவிடுங்கள்.)

ஆனால் ஒரே குழாயில் தெருவே குடம் வைத்துக் காத்திருக்கும் இடத்தில், ஏழைத் தாயைப் பார்த்து 'சுத்தமில்லை' என்று சொல்ல நமக்கு நாக் கூச வேண்டும். மாடிவீட்டுக் கழிவுக் குழாயை அந்தச் சந்தின் திறந்த சாக்கடையில் விட்டிருப்பவர் யார்? தஹாரத்தை நுணுக்கமாகப் பேணும் நம்மில் சிலரும்தான்.

2015 முதல் குடற்புழு நீக்க நாளன்று 1 முதல் 19 வயதுவரை அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு அங்கன்வாடியில் கிடைக்கும். சூடு என்று பயந்து மறுக்காதீர்கள். ஆயினும் அது வயிற்றிலுள்ள புழுவைத்தான் கொல்லும். சந்து மண்ணிலுள்ள முட்டையை என்ன செய்யும்?

பள்ளிவாசல் கக்கூஸில் சோப்பு வைத்தால் பிள்ளைகள் எடுத்துப் போகிறார்கள் என்கிறார் நிர்வாகி. போகட்டும். எடுத்துப் போகிற பிள்ளை அதை வீட்டில் கையில்தானே தேய்க்கப் போகிறான்?