பிறகு என்று சொல்லாதீர்கள்

சேசுநாதரில் மிகவும் பிரியமான பங்குக் குடும்பத்தாரே,

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, ஒரகடத்துக்கு அடுத்த ஒரு கிளைக் கிராமத்தில் நம்முடைய பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவர் மரித்தார். அதைப் பற்றி உங்களில் அநேகர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சம்பவத்தில் என் குற்றமும் கலந்திருக்கிறபடியால், நாலு பேர் வாய்வழியாக நீங்கள் அதை அரைகுறையாய்க் கேட்பதைவிட, நானே உங்களுக்குச் சொல்லிவிடுவது நியாயம் என்று நினைக்கிறேன். அந்தக் குடும்பத்தாரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அந்தப் பெரியவர் எழுபது வயது கடந்தவர். ஊரில் நிலத்தை விட்டுவிட்டு, தொழிற்சாலையில் வேலை செய்யும் மகனோடு வந்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். பாவசங்கீர்த்தனம் செய்து பல வருஷங்களாயிற்று. அவருடைய மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னிடம் வந்து, “சாமி, அவருக்கு இப்ப நல்ல மனசு வந்திருக்கு. நடக்கத்தான் முடியல. ஒருக்கா வீட்டுக்கு வந்துட்டுப் போங்க” என்று கேட்டுக்கொண்டார். “இந்த வாரமே வருகிறேன், அம்மா” என்றேன். மறந்துபோகாதபடிக்கு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நினைவூட்டும்படி என் கைபேசியில் குறித்தும் வைத்தேன். வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் கைபேசி தன் கடமையைச் சரியாய்ச் செய்தது. நான் அப்போது திருவிழாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் இரண்டு பொத்தான்கள் தெரிந்தன. நான் ‘பிறகு’ என்பதை அழுத்தினேன்.

சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்து கைபேசியை எடுத்தேன். பாவமான காட்சி ஒன்றுமில்லை. பழைய பாட்டுகள், சமையல், யாரோ ஒருவர் கிணறு வெட்டுவது, இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாய்ப் பார்த்துக்கொண்டே போனதில் பதினொன்றரை மணியாயிற்று. அப்டேட் செய்யும்படி மூன்று வாரமாக அந்தக் கைபேசி கெஞ்சிக்கொண்டிருந்தது. அதற்கும் தினந்தோறும் ‘பிறகு’ என்றே சொல்லி வந்தவன், அன்று தூக்கக் கலக்கத்தில் ‘சரி’ என்று அழுத்திவிட்டுச் சார்ஜில் போட்டுப் படுத்துவிட்டேன். நள்ளிரவில் மின்சாரம் நின்றது. பேட்டரி பழசு. அப்டேட் பாதி வழியில் அறுந்து, கைபேசி கம்பெனியின் அடையாளத்தை மட்டும் காட்டிக்கொண்டு மரக்கட்டையாய்க் கிடந்தது. சுவாமியார் வீட்டில் முன்பு கம்பிவழி டெலிபோன் ஒன்று இருந்தது. கைபேசி இருக்கும்போது அது வீண்செலவு என்று இரண்டு வருஷத்துக்கு முன் எடுக்கச் சொன்னவனும் நான்தான்.

ஒரு மணிக்குப் பெரியவருக்கு மூச்சு முட்டிற்று. “சாமியாரைக் கூப்பிடு” என்றாராம். மருமகள் ஐந்து தடவை எனக்கு அழைத்திருக்கிறாள். கணவனையும் அழைத்திருக்கிறாள். அவன் இரவு ஷிப்டு. நம்முடைய பகுதியில் பல ஆலைகளில் வேலைக்காரர் கைபேசியை வாசலிலோ பெட்டகத்திலோ வைத்துவிட்டே உள்ளே போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவனுடைய போன் பெட்டகத்துக்குள் அடித்துக்கொண்டே கிடந்தது. கடைசியில் பக்கத்து அறையில் தங்கியிருக்கும் ஜார்க்கண்டுப் பையன் தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோவிலுக்கு வந்து, வெளிக்கதவு பூட்டியிருக்கக் கண்டு, அதன்மேல் ஏறிக் குதித்து, இன்ன இடமென்று தெரியாமல் நின்று, கோவில் மணியின் கயிற்றைக் கண்டு அதைப் பிடித்து இழுத்தான்.

மணிச் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். அவனுக்குத் தமிழ் அவ்வளவாய் வராது. “ஃபாதர், ஜல்தி, ஜல்தி” என்று கைகூப்பினான். அவன் பின்னால் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தபோது பெரியவருக்கு நினைவு தப்பியிருந்தது. திருச்சபை எனக்குக் கட்டளையிட்டிருக்கிறபடி பாவமன்னிப்பு மந்திரம் சொல்லி, அவஸ்தைப்பூசுதல் கொடுத்தேன். நான்கு மணிக்கு உயிர் பிரிந்தது. அந்த மூதாட்டி என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அரை மணி முன்னால வந்திருந்தா பேசியிருப்பார், சாமி” என்று மட்டும் சொன்னார்.

ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து மகன் இறங்கினான். கைபேசியைத் திறந்து பார்த்தவன், பதினேழு அழைப்புகளைக் கண்டு தெருமுனையிலேயே நின்றுவிட்டான். அடக்கம் முடிந்த பிறகு அவன் என்னிடம் சொன்னது இது: “ஃபாதர், நேத்து ராத்திரி நான் பஸ் ஏறுனதும் அப்பாவே கூப்பிட்டார். போன்ல மேட்ச் பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்.”

பிரியமானவர்களே, அவனுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் அழுத்தின பொத்தானும் நான் அழுத்தின பொத்தானும் ஒன்றுதானே! செய்ய வேண்டியதைப் பிறகு என்று தள்ளினேன். தள்ளியிருக்க வேண்டியதை அந்த நடுராத்திரியில் செய்தேன். இதற்குக் கைபேசியின் மேல் குற்றம் சுமத்துவது எவ்வளவு சுலபம்! ஆனால் ‘பிறகு’ என்ற வார்த்தையைக் கைபேசி நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நம் இருதயத்தில் நெடுங்காலமாய் இருந்த வார்த்தையைத்தான் அது பொத்தானாகச் செய்து நம் கையில் கொடுத்திருக்கிறது. அர்ச். அகுஸ்தினார் மனந்திரும்புவதை நாளைக்கு நாளைக்கு என்று வருஷக்கணக்காய்த் தள்ளிப்போட்டவர்தானே! அவர் காலத்தில் கைபேசி ஏது?

நம் ஆண்டவர் சொன்ன பத்துக் கன்னியரின் உவமையை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் கையிலும் விளக்கு இருந்தது. பத்துப் பேருமே உறங்கிப்போனார்கள். மணவாளன் வருகிறார் என்ற கூக்குரல் நடுச்சாமத்தில் எழுந்தபோதுதான், யாரிடம் எண்ணெய் இருந்தது, யாரிடம் இல்லை என்பது வெளிப்பட்டது. விளக்கு இருப்பது வேறு, அது எரிவதற்கு எண்ணெய் இருப்பது வேறு. அந்தச் சனிக்கிழமை இரவு உங்கள் பங்குக் குரு எண்ணெயில்லாத விளக்கைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

இதனால் இயந்திரங்களைத் திருச்சபை பகைக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1931-ம் வருஷம் பெப்ருவரி 12-ந் தேதி, பதினோராம் பத்திநாதர் வத்திக்கான் வானொலியைத் தொடங்கியபோது, அதை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனியே. 1963-ம் வருஷம் டிசம்பர் 4-ந் தேதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் செய்தித் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனியே ஒரு ஏடு வெளியிட்டது. அண்மையில், 2025 மே மாதம் தெரிந்துகொள்ளப்பட்ட நம் பரிசுத்த பிதா பதினாலாம் சிங்கராயர், அந்தப் பெயரைத் தாம் எடுத்துக்கொண்ட காரணத்தைச் சொன்னார். 1891-ல் பதிமூன்றாம் சிங்கராயர் ஆலைத் தொழிலாளருக்காகப் பேசினதுபோல, செயற்கை நுண்ணறிவு பிறந்திருக்கும் இக்காலத்திலும் தொழிலாளரின் மேன்மைக்காகத் திருச்சபை பேச வேண்டியிருக்கிறது என்றார்.

அதிலும் நாம் கைபேசியை இகழ்ந்து பேசலாமா? அது நம் பிள்ளைகளின் கைபட்ட பொருள் அல்லவா! நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா ஆலை திறந்தது முதல், கிராமத்துப் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, தங்கைகளைப் படிக்க வைத்தார்கள், வீட்டுக் கடனை அடைத்தார்கள். அந்த ஆலை 2014 நவம்பர் முதல் தேதியோடு நின்றுபோனதையும், எத்தனையோ வீடுகளில் அடுப்பு தடுமாறினதையும் நாம் பார்த்தோம். உலகத்திலேயே பெரிய கைபேசிக் கம்பெனியாய் இருந்ததன் ஆலைக்கே எட்டு வருஷந்தான் ஆயுசு. இன்று வேறு கம்பெனிகள் வந்திருக்கின்றன. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளருக்கென்றே 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் பதினெட்டாயிரம் பேருக்கு மேல் தங்கலாம். அங்கே இருக்கும் பிள்ளைகளுக்குத் தாயின் முகம் தெரிவது அந்தச் சின்னத் திரையில்தான். கணவன் இரவு ஷிப்டு, மனைவி பகல் ஷிப்டு என்று வாழ்கிறவர்களுக்கும் அதுவே வீட்டுத் திண்ணை. ஆகையால் கைபேசியை வீசிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

அதன்மேல் முழுப்பாரத்தையும் வைக்காதீர்கள் என்றுதான் சொல்லுகிறேன். 2024 ஜூலை 19-ந் தேதி ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பின அப்டேட்டில் இருந்த ஒரு பிழையால், உலகெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே பிரயாணிகளுக்குப் பேனாவால் சீட்டு எழுதிக்கொடுத்தார்கள். 2025 ஏப்ரல் 12-ந் தேதி, குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள், யுபிஐ பணப் பட்டுவாடா நாடெங்கும் தடைப்பட்டு, அநேகர் கடை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். முந்தானை முடிச்சில் நோட்டு வைத்திருந்த பாட்டிமார் அன்று ராணிகள்! மனிதன் செய்த பொருள் என்றாவது ஒருநாள் தவறத்தான் செய்யும். அப்போது நமக்கு மிஞ்சுவது அயலான். அன்றிரவு பெரியவருக்கு உதவினது ஒரு கயிறும், ஒரு வெண்கல மணியும், மொழி தெரியாத ஓர் அயலானின் அன்பும் அல்லவா?

நம் காலத்தில் இதற்கு ஒரு முன்மாதிரியும் சர்வேசுரன் தந்திருக்கிறார். 2025 செப்டம்பர் 7-ந் தேதி அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ், கணினியில் தேர்ந்த பிள்ளை. திவ்விய நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தவர். விளையாட்டுக் கருவிக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே அளவு வைத்தார். தினந்தோறும் பூசை காண்பதைப் பிறகு என்று தள்ளவில்லை. நம் ஊரில் கைபேசி ஆலை திறந்த அதே 2006-ல், அக்டோபர் 12-ந் தேதி, இரத்தப் புற்றுநோயால் பதினைந்தாம் வயதில் மரித்தார். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பிறகு என்று சொல்ல எல்லா உரிமையும் இருந்ததே! அவர் சொல்லவில்லை.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நான் செய்தது. சுவாமியார் வீட்டு வெளிக்கதவில் அழைப்பு மணி வைத்தாயிற்று. இரண்டாவது போன் ஒன்று உபதேசியார் வசம் இரவும் பகலும் இருக்கும். நோயாளிகளைச் சந்திப்பது இனி வெள்ளிக்கிழமை காலை. அந்த நேரத்துக்கு வேறு வேலை வைப்பதில்லை.

இரண்டாவது, வீட்டிலிருந்து ஒருவர் ஷிப்டுக்குப் போகிறவர்களாயிருந்தால், அவருடைய கம்பெனி வாசல் காவல் அறையின் டெலிபோன் எண்ணைக் கேட்டு வாங்கி, காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சுவாமியார் எண், உபதேசியார் எண், ஆம்புலன்ஸ் 108, இவற்றையும் எழுதுங்கள். கைபேசிக்குள் மட்டும் இருக்கும் எண், கைபேசியோடு செத்துப்போகும். வீட்டில் நோயாளி இருக்கும் இரவில் அப்டேட் வேண்டாம், பகலில் செய்யலாம்.

மூன்றாவது, மாலை ஜெபமாலை நேரத்தில் எல்லாக் கைபேசிகளையும் ஒரே கூடையில் போட்டு வையுங்கள். ஒன்று மட்டும் வெளியே இருக்கட்டும். விடுதியில் இருக்கும் மகளையோ, ஊரில் தனியாய் இருக்கும் தாயையோ அதில் அழைத்து, அவர்களும் கூடவே ஒரு பத்துமணி சொல்லும்படி செய்யுங்கள். கைபேசி அப்போதுதான் தன் வேலையைச் செய்கிறது.

நான்காவது, வயதானவர்கள் அழைத்தால் எடுங்கள். “சாப்பிட்டியா” என்று கேட்கத்தான் அழைப்பார்கள். அதற்கு அரை நிமிஷம் போதும். பூசுதலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் என்னைக் காலத்தோடு அழையுங்கள். நினைவும் பேச்சும் இருக்கும்போதே அழையுங்கள். நான் பிறகு என்று சொன்னால், என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக உங்களுக்கு உத்தரவு தருகிறேன்.

அந்தப் பெரியவர் நினைவோடு இருந்த கடைசி நேரத்தில் குருவைத் தேடினார். அவருடைய மனதின் ஆசையைச் சர்வேசுரன் அறிந்திருக்கிறார். நாம் அழைக்கும்போது அவர் பிறகு என்று சொல்கிறவரல்ல. அந்த நம்பிக்கையே அந்த மூதாட்டிக்கும் மகனுக்கும் எனக்கும் ஆறுதல். வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிப் பூசை அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படும். ஜார்க்கண்டுப் பையனும் வருவதாய்ச் சொல்லியிருக்கிறான். வரக்கூடியவர்கள் வாருங்கள், அவன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டாலும் அவனுக்குப் புரியும்.

பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் ஆசீர் உங்கள் எல்லோர் மேலும் உங்கள் வீடுகளின் மேலும் இறங்குவதாக. ஆமென்.

உங்கள் ஞான நன்மையை நாடும்,
பங்குக் குரு